ஏற்காட்டில் இருக்கும் பெற்றோருக்கு மழை எச்சரிக்கை: எதை நம்புவது?

பெங்களூரில் இருந்துகொண்டு, ஏற்காட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்காக எந்தச் செயலியைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியில் சேலம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். வானிலைத் துறையின் எச்சரிக்கை தமிழிலேயே வரும். இடி மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' என்ற செயலி. ஆனால் மாவட்டத்துக்கான எச்சரிக்கை மலைக்குத் தனியாக வராது. சேலத்தில் தூறல் விழும்போது மேலே கொட்டித் தீர்க்கும். அதனால் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்றாலே, மலைக்கு அதைவிடக் கடுமையான சிவப்பு என்று நான் எடுத்துக்கொள்வேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையே அடைபட்டதே!

மின்சாரம் போனால் செயலி உதவாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. வெளியூரிலிருந்து அழைத்தால் முன்னால் 0427 சேர்க்க வேண்டும். மாநில எண் 1070. இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, அம்மாவின் கண்ணில் படும்படி அடுப்படிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா? அதில் புதிதாக விரிசல் கண்டாலோ, ஊற்றுநீர் திடீரென்று கலங்கி வந்தாலோ, எந்த எச்சரிக்கைக்கும் காத்திராமல் உடனே வெளியேறச் சொல்லுங்கள். எங்கே போய்த் தங்குவது என்பதை இன்றே பேசி வைத்துவிடுங்கள்.