ஏறு, இல்லையென்றால் போ

அன்புள்ள சார்,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு மாதமாக ‘எவாஞ்செலியன்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரையே திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் உட்கார்ந்து 26 பகுதிகளையும் பார்த்து முடித்தேன். ராட்சத ரோபோவுக்குள் பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஏறிச் சண்டை போடுகிறார்கள். சரி. ஆனால் கதாநாயகன் ஷின்ஜி சரியான கோழை. எந்நேரமும் அழுகை, காதில் ஹெட்போன். உலகமே அழியப்போகிறது, இவனுக்கு அப்பா மேல் கோபம். கடைசி இரண்டு பகுதிகள் சுத்த ஏமாற்று வேலை. நடுவே சிலுவை, ஆதாம், லிலித் என்று ஏதேதோ வருகிறது, அதற்கெல்லாம் என்ன பொருள்? நான் அந்த வயதில் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவன். இதைப் பார்த்தால் பையனுக்குத் தைரியம் வருமா? பார்க்க விடலாமா, நிறுத்திவிடலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

மகன் பார்ப்பது என்னவென்று தெரிந்துகொள்ள 26 பகுதிகளையும் உட்கார்ந்து பார்த்த அப்பாவை நான் இதுவரை சந்தித்ததில்லை. அதற்காகவே பதில் எழுதலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வாரம்தான் அந்தத் தொடரின் நான்காம் பகுதியை மறுபடி பார்த்தேன். அதில் வரும் ஒரு ரயில் நிலையம் இன்னும் மண்டையை விட்டுப் போகவில்லை. அதற்கு வருகிறேன்.

சிலுவையை விடுங்கள். மற்ற ரோபோ தொடர்களிலிருந்து வேறாகத் தெரியட்டும் என்றுதான் வைத்தோம் என்று துணை இயக்குநர் கசுயா சுருமாக்கியே சொல்லிவிட்டார். நம்மூர் டீக்கடைக் காலண்டரில் சுவிட்சர்லாந்து மலை தொங்குவது மாதிரிதான். கடைசி இரண்டு பகுதிகளைப் பற்றி உங்களோடு சண்டை போட மாட்டேன். பாதி வரைந்த படங்களும் எழுத்துமாக அவை 1996 மார்ச்சில் ஒளிபரப்பானபோது ஜப்பானிலேயே பலர் கொதித்தார்கள். 1997-இல் தியேட்டருக்கென்று வேறொரு முடிவு வந்தது. அந்தப் படம் பெரியவர்களுக்கானது, பையனுக்கு இப்போது வேண்டாம்.

‘கோழை’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

முதல் பகுதியை நினைத்துப் பாருங்கள். அம்மா இல்லாத பிள்ளை. அப்பா யாரிடமோ வளரவிட்டுவிட்டுப் போய்விட்டார். வருடக்கணக்கில் பேச்சில்லை. திடீரென்று ஒரு கடிதம் வருகிறது. அதில் இருப்பது ஒரே சொல், ‘வா’. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது. இவனும் வருகிறான். நிலத்துக்கடியில் ஒரு பெரிய கூடம், ஊதா நிறத்தில் ஒரு ராட்சத முகம். அதற்கும் மேலே கண்ணாடிக்குப் பின்னால் அப்பா நின்று கீழே பார்க்கிறார். இதில் ஏறிச் சண்டை போடு என்கிறார். முடியாது என்கிறான். ஏறுவதென்றால் சீக்கிரம் ஏறு, இல்லையென்றால் திரும்பிப் போ என்கிறார். இவன் மறுத்ததும், உடம்பெல்லாம் கட்டுப் போட்ட ஒரு சிறுமியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வருகிறார்கள். நீ போகாவிட்டால் இவள் போவாள் என்பதுதான் அதற்கு அர்த்தம். கூடம் குலுங்கி அவள் கீழே விழ, இவன் ஓடிப்போய்த் தூக்குகிறான். தன் கையைப் பார்க்கிறான், ரத்தம். அதற்கப்புறம்தான் ஓடக்கூடாது, ஓடக்கூடாது என்று தனக்குள் முணுமுணுத்துவிட்டு ஏறுகிறான். ஓர் அடி எடுத்து வைக்கிறான், அடுத்த அடியில் குப்புற விழுகிறான். கண் விழிக்கும்போது ஆஸ்பத்திரி. தலைக்கு மேலே, முன்பின் பார்த்திராத கூரை.

இந்தக் காட்சியில் கோழை யார் என்று கேட்டால் நான் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவரைத்தான் கைகாட்டுவேன். நீங்கள் பையனைக் காட்டுகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள் அந்த அப்பா எழுதியவை போலவே இருக்கின்றன.

ஜப்பானில் இந்த வகைக் கதைக்கு நீண்ட வரிசை உண்டு. 1956-இல் வந்த ‘டெட்சுஜின் 28’ சித்திரக்கதையில் சிறுவன் வெளியே நின்று ரிமோட்டில் ரோபோவை ஓட்டினான். 1972-இல் ‘மசிங்கர் இசட்’ வந்ததும் பையன் உள்ளேயே ஏறிவிட்டான், ரோபோ தாத்தா செய்து வைத்தது. 1979-இல் ‘குண்டம்’. அதில் ரோபோவை வடிவமைத்தவர்களில் ஒருவர் கதாநாயகன் அமுரோவின் அப்பா. அமுரோவும் ஏறமாட்டேன் என்று அடம்பிடிப்பான், கப்பல் தலைவனிடம் அறை வாங்குவான். என் அப்பாகூட என்னை அடித்ததில்லை என்று அவன் கத்துவது அங்கே இன்றைக்கும் வேடிக்கையாகச் சொல்லப்படுகிற வசனம். வரிசையைப் பாருங்கள். இயந்திரம் செய்வது பெரியவர்கள், ஏறுவது பிள்ளைகள். இது வெறும் கார்ட்டூன் கற்பனையும் அல்ல. 1944 அக்டோபரில் தொடங்கிய கமிகாசே தாக்குதல்களில், அதாவது விமானத்தோடு எதிரிக் கப்பலில் மோதிச் சாகும் தாக்குதல்களில், பதினேழு வயதுப் பையன்களும் விமானம் ஏறினார்கள். வழியனுப்பியவர்கள் தரையில் நின்றார்கள்.

எவாஞ்செலியன் அந்தப் பழைய கதையைத்தான் எடுத்துக்கொண்டு, ஏறுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டது. இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அந்த ராட்சதனுக்கு மின்சாரம் தரும் கேபிளுக்குப் பெயரே தொப்புள்கொடி. அறுந்தால் ஐந்து நிமிடம்தான் தாக்குப்பிடிக்கும். பையன் உட்காரும் குழாய் நிறையத் திரவம், அதற்குள்தான் மூச்சுவிட வேண்டும். இயந்திரத்துக்குள் இருப்பது அவன் அம்மாவின் உயிர் என்று பிறகு தெரியவருகிறது. மகனுக்கு அம்மா கிடைக்க வேண்டுமென்றால் போருக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார் அப்பா. இப்படி ஓர் ஏற்பாட்டில் அழாமல் இருந்திருந்தால்தான் நான் அந்தப் பையனைக் கண்டு பயந்திருப்பேன்.

இயக்குநர் ஹிடேயாகி அன்னோவும் வீரசூரர் இல்லை. 1990-91-இல் ‘நாடியா’ தொடரை முடித்தபின் மனம் நொறுங்கிப் போனவர். நான்கு வருடம் ஒன்றுமே செய்ய முடியாமல் கிடந்த ஆள் நான் என்று, 1995 அக்டோபரில் ஒளிபரப்பு தொடங்கும் முன்பே எழுதி வைத்தார். ஷின்ஜி என்பது அந்த நான்கு வருடம்தான்.

சரி, ரயில் நிலையம். நான்காம் பகுதியில் ஷின்ஜி வீட்டை விட்டு ஓடிப்போகிறான். பிடித்து வந்து, விருப்பமில்லையென்றால் ஊருக்குப் போ என்று ரயிலேற்ற அனுப்பிவிடுகிறார்கள். மிசாட்டோ, அவனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண், காரை ஓட்டிக்கொண்டு நிலையத்துக்கு வருகிறாள். ரயில் போய்விட்டது. தலை தொங்கிப் போகிறாள். நிமிர்ந்தால் அவன் நடைமேடையில் நிற்கிறான், ஏறவில்லை. அப்புறம் ஒரு நிமிடம் போல ஒன்றுமே நடப்பதில்லை. ஒரே படம், அசைவில்லை. தொலைக்காட்சித் தொடரில் ஒரு நிமிடம் சும்மா நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! பிறகு அவன் திக்கித் திக்கி ‘தடாய்மா’ என்கிறான். அவள் ‘ஒகாயெரி நசாய்’ என்கிறாள்.

ஆங்கில சப்டைட்டிலில் பார்த்திருப்பீர்கள், சப்பென்று இருந்திருக்கும். தமிழில் இதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. ஜப்பானில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘இத்தெகிமாஸ்’ என்பார்கள். நம் ‘போயிட்டு வர்றேன்’ அப்படியே அதுதான், போவதும் உண்டு வருவதும் உண்டு. ‘தடாய்மா’ என்றால் வந்துட்டேன். ‘ஒகாயெரி’ என்றால் வந்துட்டியா, வா. அப்பா எழுதியதும் ‘வா’தான், இவள் சொல்வதும் ‘வா’தான்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தது விருதுநகரில், ஹாஸ்டலில். அப்பாவுக்குச் சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளை வேலை. மாதம் ஒரு கார்டு போடுவார். ‘பணம் கட்டியாயிற்று. படிக்கவும்.’ கீழே கையெழுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். பாசஞ்சர் வந்தது, நின்றது. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தபடி ஜன்னலோரம் முறுக்கு விற்கிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாத்தூர் போனால் அப்பா என்ன கேட்பார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்க மாட்டார், அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்புவார். வண்டி போய்விட்டது. ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது மணி எட்டரை தாண்டியிருக்கும். பின்கட்டில் சமையல்கார அண்ணாச்சி அண்டா கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “வந்துட்டியாடா? கையக் கழுவு, ரசந்தான் இருக்கு” என்றார். எங்கே போனாய் என்று கேட்கவே இல்லை. மறுநாள் வார்டனிடம் பிரம்படி வாங்கினேன். அது எந்தக் கையில் விழுந்தது என்றுகூட இப்போது நினைவில்லை. அந்த ரசத்தில் பூண்டு தட்டிப் போடாமல் முழுசாகக் கிடந்தது நினைவிருக்கிறது.

2021-இல் வந்த கடைசி எவாஞ்செலியன் படத்தில் ஷின்ஜியும் அவன் அப்பாவும் ஒரு ரயில் பெட்டியில் உட்கார்ந்து ஒருவழியாகப் பேசுகிறார்கள். படம் முடிவதும் ஒரு ரயில் நிலையத்தில்தான், அன்னோ பிறந்த ஊபே நகரத்தில். அதுவரை அவருக்கு 25 வருடம் பிடித்தது. என் அப்பாவோடு நான் அப்படிப் பேசவில்லை. கார்டுகள் மட்டும் இருக்கின்றன.

நீங்கள் கேட்டது வேறு, பார்க்க விடலாமா என்று. விடுங்கள், அதுதான் பார்த்துவிட்டானே. எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். விடிகாலை நாலு மணிக்குப் பால் ஊற்றப் போன கதையை அவனிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பீர்கள். ஊற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் யார் இருந்தார்கள், என்ன கேட்டார்கள்? அதைச் சொல்லியிருக்கிறீர்களா? நேரம் கிடைக்கும்போது எனக்கும் எழுதுங்கள்.