ஏர்போர்ட் ஜோக்

கேள்வி: அமெரிக்க டி.வி.யில் அரபு, முஸ்லிம் ஸ்டாண்ட்-அப் காமெடியன்கள் கலக்குகிறார்களே! முஸ்லிம்கள் சிரிக்கக் கற்றுக்கொண்டார்கள், அமெரிக்காவும் மனசு மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: சிரிக்கக் கற்றுக்கொண்டார்களாம்! முல்லா கதையைச் சுட்டுப் போடாத வாரப் பத்திரிகை தமிழில் உண்டா? அரபு நாடுகளில் அதே ஆசாமிக்கு ஜுஹா என்று பெயர். அந்தச் சரக்கு அவர்களிடம் பல நூறு வருடங்களாக இருக்கிறது.

அமெரிக்காவின் மனசுக்கு வருவோம். எகிப்தில் பிறந்த காமெடியன் அஹமத் அஹமத், 1996-ல் ஒரு விமானக் கடத்தல் படத்தில் பயங்கரவாதிகளில் ஒருவராக வந்தார். அந்த முகங்களுக்கு ஹாலிவுட்டில் கிடைத்த வேடம் பெரும்பாலும் அதுதான். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு நாடே அவர்களைச் சந்தேகமாகப் பார்த்தது. அந்தச் சந்தேகம்தான் மைக் வாங்கிக் கொடுத்தது. ஈரான், இராக், வட கொரியாவை 2002-ல் அதிபர் புஷ் 'தீமையின் அச்சு' என்றார். அந்தப் பெயரையே தங்கள் நிகழ்ச்சிக்குச் சூட்டிக்கொண்டு, அஹமதும் மாஸ் ஜொப்ரானியும் ஆரோன் காதரும் ஊர் ஊராகப் போனார்கள். (ஜொப்ரானி ஈரானியர், அரபு அல்ல. டி.வி.க்கு அந்த வித்தியாசமெல்லாம் எதற்கு?) 2007-ல் காமெடி சென்ட்ரல் சேனல் அதை ஒளிபரப்பியது. தேடப்படும் ஒருவனின் புனைபெயரோடு தன் பெயர் ஒத்துப்போனதால் ஏர்போர்ட்டில் படும் பாடுதான் அஹமதின் பெரிய ஐட்டம். பிரிட்டனில் ஷாசியா மிர்சா ஹிஜாபோடு மேடையேறி, "என் பெயர் ஷாசியா மிர்சா. என் பைலட் லைசென்ஸில் அப்படித்தான் போட்டிருக்கிறது" என்றார்.

பிரமாதமான ஜோக். ஆனால் அதற்குச் சிரிக்கிறவர் யார்? பக்கத்து சீட்டில் தாடிக்காரர் உட்கார்ந்தால் வியர்த்துப்போகிறவர். அவரைச் சிரிக்கவைத்து, 'பயப்படாதே, நான் வெடிக்க மாட்டேன்' என்று சொல்ல வேண்டியிருந்தது. சந்தேகம் போயிருந்தால் அந்த ஜோக்கும் அன்றே செத்திருக்கும்.

உருப்படியான மாற்றம் அப்புறம்தான் வந்தது. காமெடியன் ரமி யூசுப்பின் 'ரமி' தொடர் 2019-ல் ஹூலு என்கிற ஓ.டி.டி.யில் வெளியானது. தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது (கை, கால், முகம் கழுவும் சடங்கு) கால்விரல் இடுக்கைச் சரியாகக் கழுவவில்லை என்று ஒரு பெரியவர் அவரைப் பிடித்துக்கொள்கிறார். அந்தப் பெரியவர் மேலப்பாளையத்திலும் இருக்கிறார்! காமெடியன் மோ அமர் இன்னும் ஒரு படி மேல். குவைத்தில் பிறந்த பாலஸ்தீனர். வளைகுடாப் போரில் தப்பி ஹூஸ்டன் வந்து, குடியுரிமைக்காகக் கிட்டத்தட்ட இருபது வருடம் காத்திருந்தவர். நெட்ஃபிளிக்ஸில் 2022-ல் வந்த 'மோ' தொடரில் அவர் பாக்கெட்டில் ஆலிவ் எண்ணெய்ப் பாட்டிலோடு திரிகிறார். சூப்பர் மார்க்கெட்டில் யாரோ சாக்லேட் ஹும்முஸ் (ஹும்முஸ் என்பது அரபுக்காரர்களின் கொண்டைக்கடலைத் துவையல்) நீட்டியதும் அவருக்கு வருகிற கோபத்தைப் பாருங்கள். இங்கே யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, சண்டை ஹும்முஸுக்காக.

சரி, மனசு மாறிவிட்டதா? திருநெல்வேலிப் பக்கம் வேர் உள்ள காமெடியன் அஸீஸ் அன்சாரி, 2017 ஜனவரி 21-ல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்கிற பிரபல டி.வி. காமெடி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். முந்தின நாள்தான் டிரம்ப் பதவியேற்றிருந்தார். அமெரிக்காவே கைதட்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள 7 நாட்டவர் உள்ளே வரத் தடை போட்டு டிரம்ப் கையெழுத்திட்டார்.

அதற்காக அரபு நாடுகள் பக்கம் ரொம்ப யோக்கியம் என்றும் சொல்லவில்லை. எகிப்தில் இதய அறுவை மருத்துவராக இருந்த பாசெம் யூசுப், 2011 மக்கள் எழுச்சியின்போது யூடியூபில் நையாண்டி ஆரம்பித்து டி.வி.க்குப் போனார். அதிபரையும் இஸ்லாத்தையும் அவமதித்தார் என்று அதிபர் மோர்சியின் ஆட்சியில் விசாரணை. மோர்சியை ராணுவம் கவிழ்த்தது. 2014-ல் நிகழ்ச்சியே முடிந்தது. பார்வையாளர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், கேலிக்கு ஆளானவர்களும் முஸ்லிம்கள்; அதிகாரத்தில் இருந்தவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. இப்போது அவர் அமெரிக்காவில் மேடையேறுகிறார். அந்தப் பெருமையை அமெரிக்காவுக்குத் தாராளமாகக் கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.