முகம் தானாக நடித்துவிடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் ‘இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்’ படத்தை முதன்முறையாகப் பார்த்தேன். டேனியல் டே லூயிஸுக்காக உட்கார்ந்தவன், படம் முடிந்தபோது அவருக்கு அப்பாவாக வந்தவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெயரைத் தேடினால் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் முடியவில்லை. ஒரு நண்பரிடம் சொன்னபோது, “அந்த ஆளுக்கு முகவாகு அப்படி. கன்ன எலும்பே பாதி வேலையைச் செய்துவிடும், நடிப்பென்று தனியாக ஒன்றுமில்லை” என்றார். எனக்கு ஒப்பவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. இவ்வளவு வல்லவர் ஏன் கடைசிவரை குணச்சித்திர நடிகராகவே இருந்தார்? அந்தப் பட்டமே கதாநாயகனாக முடியாதவர்களுக்குத் தரும் ஆறுதல் பரிசுதானே?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

அவர் பெயர் பீட் போஸில்த்வெயிட். ஆங்கில எழுத்தில் நடுவே நிற்கும் முதல் ‘ட்’ ஒலிப்பதில்லை என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது, மாற்றிக்கொள் என்று தொடக்க காலத்தில் அவருக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்கவில்லை. இவ்வளவு நீளப் பெயரை விளக்குகளால் எழுதினால் மின்கட்டணம் கட்டுப்படியாகாது என்பதால் எந்த அரங்க வாசலிலும் தன் பெயர் ஒளிராது என்று அவரே கிண்டலடித்ததுண்டு.

உங்கள் நண்பர் சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியாது. புடைத்து நிற்கும் கன்ன எலும்புகளும், நடுவில் உடைந்ததுபோன்ற மூக்கும், குழியில் கிடக்கும் கண்களுமான அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. ஆனால் முகம்தான் நடிக்கிறது என்றால் அது எல்லாப் படத்திலும் ஒரே மாதிரியல்லவா நடிக்க வேண்டும்? நீங்கள் பார்த்த படம் 1993இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ‘ஷார்ப்’ என்ற நெப்போலியன் காலப் போர்த் தொடரில் ஒபதாயா ஹேக்ஸ்வில் என்ற சார்ஜெண்டாக அவர் வந்தார். கழுத்து வெட்டி வெட்டி இழுக்கும். அகப்பட்ட பெண்ணையும் பொருளையும் விடமாட்டான். தன்னை யாராலும் கொல்ல முடியாது என்று நம்புகிறவன். தொப்பியைக் கழற்றி அதற்குள் தன் அம்மா இருப்பதாக எண்ணிக்கொண்டு கொஞ்சிப் பேசுவான். ஜெபமாலையும் கையுமாகச் சிறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த, நீங்கள் பார்த்த அந்த அப்பாவான ஜிசெப்பே கான்லனுக்கும் இவனுக்கும் கன்ன எலும்பு ஒன்றுதான். ஒருவரைப் பார்த்தால் கதவைத் திறந்து உள்ளே அழைக்கத் தோன்றும், மற்றவனைப் பார்த்தால் தாழிடத் தோன்றும்.

ஜிசெப்பேயைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். போஸில்த்வெயிட் பிறந்தது 1946இல், டே லூயிஸ் பிறந்தது 1957இல். அதாவது அந்த அப்பாவுக்கும் மகனுக்கும் நிஜத்தில் பதினோரு வயதுதான் இடைவெளி. படம் பார்க்கும்போது இது ஒருவருக்கும் உறைப்பதில்லை. அந்த இடைவெளியை ஒப்பனை மட்டும் நிரப்பிவிடாது. அவர் அதை மூச்சால் நிரப்புகிறார். ஜிசெப்பே நுரையீரல் நோயாளி. ஒரு வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே அதை முடிக்க மூச்சு போதுமா என்று கணக்குப் போடுகிறவரைப்போல, குறைந்த சொற்களையே அவர் செலவழிக்கிறார்.

இருவரும் ஒரே சிறையறையில் சந்திக்கும் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சிறுவயதில் பதக்கம் வென்ற ஒரு கால்பந்து ஆட்டத்தன்று, விளையாட்டில் தப்பு செய்தாயா என்று அப்பா கேட்டதை அத்தனை ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருந்த மகன், அதை மொத்தமாகக் கொட்டித் தீர்க்கிறான். வசனமெல்லாம் டே லூயிஸுடையது. போஸில்த்வெயிட்டுக்குப் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. தான் மறந்தே போய்விட்ட ஒரு சொல் பிள்ளைக்குள் இத்தனை காலம் சீழ் பிடித்துக் கிடந்திருக்கிறது என்று ஒரு தகப்பனுக்குப் புரியும் கணத்தை, அவர் அந்தக் கேட்டலிலேயே காட்டிவிடுகிறார். என் கணக்கில் படத்தின் உச்சம் அதுதான், நீதிமன்றக் காட்சி அல்ல.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. படம் நிஜமாக நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறது. ஆனால் உண்மையில் அப்பாவும் மகனும் அப்படி ஒரே அறையில் அடைக்கப்படவில்லை, ஒரே வழக்கில் விசாரிக்கப்படவும் இல்லை. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் 1974இல் நடந்த, தான் செய்யாத குண்டுவெடிப்புக்காக மகன் ஜெர்ரி 1975இல் தண்டிக்கப்பட்டார். அவருக்கு வழக்கறிஞர் ஏற்பாடு செய்வதற்காக பெல்ஃபாஸ்டிலிருந்து லண்டன் வந்த இடத்தில் கைதான ஜிசெப்பே, வேறொரு வழக்கில் 1976இல் தண்டனை பெற்று, 1980 ஜனவரியில் கைதியாகவே இறந்தார். மகன் விடுதலையானது 1989இல். அப்பா குற்றமற்றவர் என்று ஆனது 1991இல். படத்தில் வரலாற்றை வளைத்ததற்காக இயக்குநர் ஜிம் ஷெரிடன் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த வளைப்பு பார்வையாளனிடம் செல்லுபடியாகிறதென்றால் அதற்கு முக்கால் காரணம் இந்த இருவரும்தான். ஜிசெப்பே இறந்த இரவில் கைதிகள் காகிதங்களைக் கொளுத்திச் சன்னல்கள் வழியே விடுகிறார்கள். இருட்டில் தீத்துண்டுகள் மிதந்து இறங்குகின்றன. போஸில்த்வெயிட் திரையில் இல்லாத அந்தக் காட்சியும் அவருடைய காட்சியாகவே ஆகிவிடுகிறது. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற அந்தப் படத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. துணை நடிகருக்கான பரிந்துரையில் இருந்த இவரும் வெறுங்கையோடுதான் திரும்பினார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அவர் வந்த வழியைப் பார்த்தால் அந்தக் கேள்வியே கொஞ்சம் இடம் மாறி நிற்கிறது. வட இங்கிலாந்தின் வாரிங்டனில், கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரியாராகலாம் என்று ஒரு காலத்தில் எண்ணியவர். பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து, மான்செஸ்டரில் மாணவர்களுக்கு நாடகம் கற்பித்தார். பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் பயின்று நடிகராகி, 1970களில் லிவர்பூலின் எவ்ரிமேன் அரங்குக்கு வந்து சேர்ந்தார். பில் நை, ஜூலி வால்டர்ஸ், ஜோனதன் பிரைஸ் என்று பின்னாளில் பெயர்பெற்ற பலரும் அப்போது அங்கே இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊர்க்குழுவில் நிலையான கதாநாயகன் என்று ஒருவர் கிடையாது. ஒரு நாடகத்தில் அரசனாக நின்றவர் அடுத்ததில் கதவு திறக்கும் வேலையாளாக வருவார். வேடம் சிறியதா பெரியதா என்பதல்ல, அது ஆளாகி எழுந்து நிற்கிறதா என்பதே அங்கே கேள்வி. டே லூயிஸ் பிரிஸ்டலில் மாணவராக இருந்தபோது மேடையில் திரும்பத் திரும்பப் பார்க்கப் போனது இவரைத்தான் என்று பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். சினிமாவில் இவரது தொடக்கம் ரிட்லி ஸ்காட்டின் முதல் படமான ‘தி டூயலிஸ்ட்ஸ்’ (1977). அதில் இவருக்கு ஒரு ஜெனரலுக்குச் சவரம் செய்கிற வேலை!

முதன்மை வேடங்களே இல்லை என்பதும் சரியல்ல. டெரன்ஸ் டேவிஸின் ‘டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்’ (1988) படத்தில் ஒரு லிவர்பூல் குடும்பத்தையே நடுங்க வைக்கும் தந்தையாக வருகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, உறங்கும் பிள்ளைகளின் கட்டிலருகே நின்று, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று மெல்லச் சொல்கிறார். பண்டிகைச் சாப்பாட்டு மேசையில் அதே மனிதர் துணியைச் சுருட்டி இழுத்து, அத்தனை உணவையும் தரையில் கொட்டி, சுத்தம் செய் என்று மனைவியை நோக்கிக் கத்துகிறார். இரண்டுக்கும் நடுவே எந்த விளக்கமும் இல்லை. முந்தைய இரவின் கனிவு போலி என்று நாம் ஆறுதல்பட்டுக்கொள்ள அவர் இடமே தருவதில்லை. கொடுமைக்கார அப்பாக்களை நடித்தவர்கள் ஏராளம். அந்தக் கனிவையும் மெய்யாகவே வைத்திருந்ததால்தான் இவரைப் பார்க்க இன்னும் அச்சமாக இருக்கிறது.

பிறகு ‘பிராஸ்ட் ஆஃப்’ (1996). யார்க்‌ஷயரில் மூடப்படும் நிலக்கரிச் சுரங்கம், அதன் தொழிலாளர்களின் பித்தளை வாத்தியக் குழு, நுரையீரல் முழுக்கக் கரித்தூளோடு அதை நடத்தும் டேனி. லண்டன் ஆல்பர்ட் ஹாலில் போட்டிக் கோப்பையை வென்றபின், மனிதர்களைவிடக் கோப்பை பெரிதல்ல என்று டேனி அதை மறுக்கும் பேச்சைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட மருத்துவமனைக் காட்சி பிடிக்கும். நள்ளிரவில் குழுவினர் தலையில் சுரங்க விளக்கு எரிய, சன்னலுக்குக் கீழே நின்று வாசிக்கிறார்கள். மேலே படுக்கையில் டேனி. மறுபடியும் கேட்பதுதான் வேலை.

ஸ்பீல்பெர்க்கோடு 1997இல் இரண்டு படங்கள் செய்தார். உலகின் மிகச் சிறந்த நடிகர் என்று ஸ்பீல்பெர்க் இவரைச் சொன்னது எங்கும் பரவியது. “பீட் தன்னை அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் சொல்லியிருப்பார்” என்ற பொருளில் போஸில்த்வெயிட் சிரித்துக் கடந்துவிட்டார். 2008இல், தான் தொழில் பழகிய எவ்ரிமேன் மேடைக்கே திரும்பி ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நின்றார். இங்கிலாந்தின் கிங்ஸ்நார்த்தில் புதிய நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கு அரசு இசைந்தால், தனக்குத் தந்த ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருதைத் திருப்பித் தருவேன் என்று 2009இல் பொதுவெளியில் அறிவித்ததும் இவர்தான். 2011 ஜனவரி 2ஆம் நாள் கணையப் புற்றுநோயால் இறந்தார்.

‘ஆறுதல் பரிசு’ என்று எழுதியிருந்தீர்கள். நம் பேச்சில் கதாநாயகனுக்கு அப்பாவாக வயது வந்தவுடன் ஒருவருக்கு அந்தப் பட்டம் வந்து சேர்ந்துவிடுவதால் அப்படித் தோன்றுகிறது. சொல்லைப் பிரித்துப் பாருங்கள், குணத்தைச் சித்திரமாக எழுதிக் காட்டுகிறவர். முப்பதாண்டுக்கு மேல் அதைச் செய்தவரை, கதாநாயகன் என்ற நாற்காலியில் இடம் கிடைக்காமல் நின்றவராக என்னால் நினைக்க முடியவில்லை.

உங்கள் நண்பருக்கு முதலில் ஹேக்ஸ்வில்லைப் போட்டுக் காட்டுங்கள், அடுத்த நாளே டேனியை. ‘ஷார்ப்’ தொடரில் ‘ஷார்ப்ஸ் கம்பெனி’ என்ற பகுதியிலிருந்து தொடங்கலாம். பழைய தொலைக்காட்சித் தயாரிப்பு, போர்க்களத்தில் கூட்டம் குறைவாகத்தான் தெரியும். தொப்பியைக் கழற்றும் இடம் வரும்வரை நிறுத்திவிடாதீர்கள்.