கொஞ்ச காலமே சட்டசபையில் இருந்தவரால் என்ன செய்ய முடியும்? தாட்சாயணி வேலாயுதனை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "ஓர் இளம் ஆசிரியர், சமூக வேலைகளில் ஈடுபாடு உள்ளவர், ஒன்றிரண்டு வருடம் மட்டும் ஒரு மாநில சட்டசபையில் இருந்தால் உருப்படியாக ஏதாவது நடக்குமா? உதாரணம் இருக்கிறதா?"

இருக்கிறது. தாட்சாயணி வேலாயுதன். இந்திய அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண் என்ற ஒற்றை வரியில் பலருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அந்த வரியை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். நான் சொல்ல நினைப்பது அதற்குச் சற்று முந்தைய காலம். 1945-இல் கொச்சி சமஸ்தானத்தின் சட்டசபைக்கு அவர் நியமன உறுப்பினராகப் போனார். அப்போது அவருக்கு வயது 33. அதற்கு முன் சுமார் பத்து வருடம் திருச்சூர், திருப்பூணித்துறைப் பக்கம் அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். அடுத்த வருடமே அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வாகி தில்லி போய்விட்டார். ஆக, நீங்கள் கேட்ட அதே "கொஞ்ச காலம்"தான்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லாமல் அவர் சபையில் பேசியதைச் சொன்னால் பாதிதான் புரியும்.

எர்ணாகுளத்தை ஒட்டிக் காயலுக்குள் இருக்கும் முளவுகாடு தீவில் 1912-இல் பிறந்தார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புலையர் சமூகம். அவர் கைக்குழந்தையாக இருந்த 1913-இல் அந்தச் சமூகத்தினர் உரிமை கேட்டு ஒரு மாநாடு கூட்ட நினைத்தார்கள். எர்ணாகுளம் மண்ணில் அவர்கள் கூட்டம் போட முடியாது. சரி, தண்ணீரில் கூடுவதை யார் தடுப்பது என்று வள்ளங்களையும் பலகைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, காயல் மேலேயே மாநாட்டை நடத்திவிட்டார்கள். காயல் சம்மேளனம் என்று கேரளத்தில் இன்றும் அதைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட மக்கள் நடுவில் வளர்ந்த பெண் அந்தச் சமூகப் பெண்களுக்கு மறுக்கப்பட்ட மேலாடையை அணிந்து பள்ளிக்கூடம் போனார், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் எடுத்தார், 1935-இல் பட்டம் வாங்கினார். இந்தியாவிலேயே முதல் தலித் பெண் பட்டதாரி என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

நானும் வேதியியல் ஆசிரியர் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் அவருக்குச் சோதனைகளை அருகில் வைத்துச் செய்துகாட்ட மேல்சாதி ஆசிரியர் முன்வரவில்லை. மற்றவர்களுக்குச் செய்து காட்டியதைத் தள்ளி நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். வேதியியல் படிக்காதவர்களுக்கு இது எத்தனை பெரிய கொடுமை என்று உடனே உறைக்காமல் போகலாம். ஒரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் தரம்பார்த்தல் சோதனையில், பியூரெட் என்ற அளவுக்குழாயில் திரவம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். நிறம் மாறுவது ஒரே ஒரு சொட்டில். அந்தச் சொட்டைத் தவறவிட்டால் மறுபடியும் முதலிலிருந்துதான். உப்புப் பகுப்பாய்வு என்றால் இன்னும் மோசம்: வீழ்படிவு வெள்ளையா, லேசான மஞ்சளா, கிளம்பும் வாயுவுக்கு என்ன நெடி என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்துதான் அறிய முடியும். என் மாணவர்களில் பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு "சார், தெரியல" என்பார்கள். முன்னால் வா என்று கூப்பிடுவேன். தாட்சாயணியை அப்படி யாரும் கூப்பிடவில்லை. அந்த நிலையில் அறிவியலில் பட்டம் வாங்கியவர், பிறகு சென்னைக்கு வந்து ஆசிரியர் பயிற்சியையும் முடித்தார். இந்த இடத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆசிரியரான பிறகும் ஊர் மாறவில்லை. வரப்பு மாதிரியான குறுகலான பாதையில் எதிரே வந்த மேல்சாதிப் பெண் ஒருவர், வயலுக்குள் இறங்கி வழிவிடச் சொன்னார். தாட்சாயணி இறங்க மறுத்து நின்றார். கடைசியில் இறங்கிப் போனது எதிரே வந்தவர்தான்.

இப்போது 1945-க்கு வருகிறேன். கொச்சி அரசின் உதவித்தொகையில் படித்தவர், கொச்சி அரசின் சம்பளத்தில் ஆசிரியராக இருந்தவர், கடைசியில் அதே அரசு நியமித்ததால் சட்டசபைக்குள் வந்தவர். அப்படி வருபவரிடம் எல்லோரும் என்ன எதிர்பார்ப்பார்கள்? மகாராஜாவுக்கு நன்றி, திவானுக்கு நன்றி, எங்கள் சமூகத்துக்கு இன்னும் கொஞ்சம் கருணை காட்டுங்கள் என்ற ஒரு வேண்டுகோள். அவ்வளவுதான்.

அவர் பேசியது வேறு. ஆகஸ்ட் மாதம் நடந்த தன் முதல் உரையிலேயே, ஒடுக்கப்பட்ட சமூகங்களின் முன்னேற்றத்துக்கு ஒதுக்கும் பணம் குறைந்துகொண்டே வருவதைச் சுட்டிக்காட்டினார். பஞ்சாயத்துகளிலும் நகரசபைகளிலும் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ற பிரதிநிதித்துவம் கேட்டார். தீண்டாமையை மனிதத்தன்மை அற்றது என்றார். தீண்டாமை இருக்கும்வரை, காந்தி கொடுத்த ஹரிஜன் என்ற பெயரால் அழைப்பதில் ஓர் அர்த்தமும் இல்லை, அது நாய்க்கு நெப்போலியன் என்று பெயர் வைப்பது போன்றது என்றும் சொன்னார். இதைச் சொன்னவர் காந்தியின் எதிரி அல்ல. 1940-இல் அவருடைய திருமணமே வார்தா ஆசிரமத்தில் காந்தி, கஸ்தூர்பா முன்னிலையில், தொழுநோயாளி ஒருவர் புரோகிதராக இருந்து நடந்தது. தான் மதித்த மனிதர் கொடுத்த பெயரையே சபையில் வைத்துக் கேள்வி கேட்டார்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். பக்கத்துத் திருவிதாங்கூரில் 1936-லேயே கோயில் நுழைவுப் பிரகடனம் வந்துவிட்டது. கொச்சியில் 1945-இல் அது இன்னும் வரவில்லை. அதாவது, சட்டசபை வாசல் திறந்திருந்தது, அதே ஊரின் கோயில் வாசல் அவருக்கு மூடியிருந்தது.

சட்டம் இயற்றிச் சாதித்தவர் என்று நான் அவரை முன்னிறுத்தவில்லை. நியமன உறுப்பினர் ஒருவருக்கு, அதுவும் சமஸ்தான சபையில், அந்த அளவுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் மூத்த உறுப்பினர்கள் மெல்ல வந்து சேரும் விஷயத்துக்கு, அதாவது பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு, அவர் முதல் நாளே போய்விட்டார். பத்து வருடம் வகுப்பறையில் நின்றவருக்கு எந்தப் பிள்ளை நடுவில் நின்றுவிடுகிறது, உதவித்தொகை நின்றால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரே உதவித்தொகையில் படித்தவர் வேறு. குறுகிய காலம் இருப்பவரின் பலம் இதுதான் என்பது என் கருத்து. வெளியிலிருந்து கொண்டுவந்த அறிவு பழுதாகாமல் இருக்கும்போதே அதைச் சபையில் வைத்துவிடலாம்.

1946-இல் அவரைத் தில்லிக்கு அனுப்பியது சென்னை மாகாணச் சட்டசபை. தமிழ் வாசகர்கள் இதைக் கூடுதலாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். அங்கே அவர் எடுத்த ஒரு நிலைப்பாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சமூகத்தின் பிரதிநிதியை அந்தச் சமூகத்தினர் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியை அவர் கடுமையாக எதிர்த்தார். 1947 ஆகஸ்டில் பேசும்போது, எந்த இடத்திலும் எவ்விதமான ஒதுக்கீட்டுக்கும் தான் ஆதரவானவர் அல்ல என்ற அளவுக்கே போனார். கொச்சியில் விகிதப் பிரதிநிதித்துவம் கேட்டவர் இரண்டே வருடத்தில் இப்படிப் பேசியது எனக்கு இடிக்கிறது. ஒதுக்கீடு இல்லாமல் போயிருந்தால் பின்னால் வந்த எத்தனையோ பேருக்குச் சபை வாசலே தெரிந்திருக்காது. ஆனால் அவர் சொன்ன காரணத்தை ஒதுக்கிவிட முடியவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் பொருளாதார ரீதியில் பிறருக்கு அடிமைகளாக இருக்கும்வரை தனித் தொகுதி, கூட்டுத் தொகுதி, இத்தனை சதவீதம் என்று கேட்பதில் பொருள் இல்லை என்றார். கூலிக்காரர் பண்ணையாரின் நிலத்தை நம்பி வாழும்போது அவர் வாக்கு எப்படிச் சுதந்திரமானது? அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது, அவர் வந்து சேர்ந்த முடிவுதான் படவில்லை.

தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு, இன்றைய 17-வது பிரிவு, 1948 நவம்பர் 29 அன்று விவாதத்துக்கு வந்து அன்றே நிறைவேறியது. அன்றும் அவர் பேசினார். இந்த அரசியலமைப்பு எப்படி வேலை செய்யும் என்பது சட்டத்தை நிறைவேற்றுவதைவிட மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையே பொறுத்தது, ஆகவே ஆட்களைத் தண்டிப்பதைவிட மத்திய, மாகாண அரசுகள் மக்களிடம் போய்ப் போதிய பிரசாரம் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். சட்டப் பேராசிரியர் ஒருவர் இப்படிப் பேசியிருக்க மாட்டார். இது பள்ளி ஆசிரியரின் பேச்சு.

பிறகு அரசியலில் அவருக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. 1971 மக்களவைத் தேர்தலில் அடூரில் நின்று தோற்றார். தில்லியில் பெண்களுக்கான வேலைகளில் ஈடுபட்டார், 1978-இல் காலமானார். கேரள அரசு அவர் பெயரில் விருது கொடுக்க ஆரம்பித்தது ரொம்பத் தாமதமாக, 2019-இல்.

உங்களுக்குத் தெரிந்த இளம் ஆசிரியர் யாராவது சட்டசபைக்குப் போவதாக இருந்தால், ஒன்று சொல்லுங்கள். அவர் வேலை பார்த்த துறையின் கடந்த சில வருட மானியக் கோரிக்கைப் புத்தகங்களை, அதாவது அந்தத் துறைக்கு அரசு கேட்கும் செலவுக் கணக்கை, வாங்கி, எந்தத் தலைப்பில் பணம் குறைந்திருக்கிறது என்று முதலில் பார்க்கட்டும். கன்னிப்பேச்சில் தொகுதிக்கும் தலைவருக்கும் நன்றி சொல்ல ஒரு நிமிடம் போதும். மிச்ச நேரம் முழுக்க அந்தக் கணக்கைப் பேசட்டும். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. தாட்சாயணியின் உரைகளில் 1946 டிசம்பர் 19, 1948 நவம்பர் 29 இரண்டையும் அதற்கு முன்னால் படித்துவிட்டுப் போனால் நல்லது.