கால் பெடலை முதலில் காரில் வையுங்கள்

"அக்கா, நான் ஆரையம்பதிப் பிள்ளை. ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம். என்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்கார அம்மா குவில்ட் தைக்கிறவர். நவம்பரில் வெள்ளி பின்னேரம் தொடங்கி ஞாயிறு மத்தியானம் வரைக்கும் ஏதோ குவில்டிங் ரிட்ரீட்டாம், ஒரு இடம் இருக்கு, வாறியா என்று கேட்கிறார். எனக்கு சட்டை, பிளவுஸ் தைக்கத் தெரியும். குவில்ட் தைத்ததே இல்லை. என்ன கொண்டுபோக வேண்டும், எப்படி ஆயத்தமாக வேண்டும்? அம்மா வேறு பயப்படுகிறா."

முதலில் அம்மாவின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். நம்மட ஊரில் ரிட்ரீட் என்றால் தியானம்தானே. மூன்று நாள் பிரசங்கம், செபம், பாதிநேரம் வாய் பேசக்கூடாது. நான் முதன்முதல் போகிறேன் என்று சொன்னபோது என் அம்மாவும் போனில் கேட்டா: "அங்க போய் வேதத்தில சேந்திராத புள்ள." இது அந்தச் சங்கதி இல்லை. இருபது முப்பது பெண்கள் ஒரு மண்டபத்தில் ஆளுக்கொரு மேசை போட்டு, மெசினை வைத்து, வீட்டுச் சமையலும் பிள்ளைகளின் சத்தமும் இல்லாமல் தைத்துக்கொண்டே இருப்பார்கள். சில இடங்களில் சேர்ச்சின் முகாம் கட்டடத்தை வாடகைக்கு எடுப்பதால் சுவரில் சிலுவை தொங்கும். அவ்வளவுதான். பிரசங்கம் எதுவும் இல்லை. வாய் பேசாமல் இருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் இப்போது கனடாவிலிருந்து லீவில் வந்து மட்டக்களப்பு கல்லடியில் நிற்கிறேன். ஆவணி மாதக் கச்சான் காற்று உடம்பைக் காய வைக்கிறது. இந்த வெயிலில் இருந்துகொண்டு நவம்பர்க் குளிருக்கு என்ன கட்டுவது என்று எழுத வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை, சொல்கிறேன்.

குவில்ட் மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பேட்டிங் என்கிற மெல்லிய பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குவில்டிங். ஆனால் ரிட்ரீட்டில் பெரும்பாலானவர்கள் மேல்துணியைத்தான் இணைப்பார்கள். மூன்றையும் சேர்க்கப் பெரிய இடம் வேண்டும், சிலர் அதைக் கூலிக்கு விடுவார்கள். ஆகவே நீங்கள் பஞ்சு விரிப்பைச் சுமந்துகொண்டு போகத் தேவையில்லை.

இப்போது நான் சொல்லப்போவது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்: வெட்டுவதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போங்கள். தைப்பது கதைத்துக்கொண்டு செய்யலாம். வெட்டுவது கதைத்துக்கொண்டு செய்யக் கூடாது.

இதை நான் படித்த விதம் இன்னும் உறுத்துகிறது. இரண்டாவது தடவை போனபோது மருதமுனையில் வாங்கிய கைத்தறிச் சாறன் இரண்டு கொண்டுபோனேன். ஒன்று கருநீலக் கட்டம், மற்றது மரூன். அங்கே போய் வெட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம். பக்கத்து மேசைக்காரி மகளின் கல்யாணம் குழம்பின கதையைத் தொடங்கினா. நல்ல கதை. நானும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு ரோட்டரி கட்டரை, அதுதான் துணி வெட்டுகிற வட்டப் பிளேடை, ஓட்டினேன். 6½ அங்குலம் வெட்ட வேண்டிய சதுரத்தை 6¼ என்று வெட்டியிருக்கிறேன். ஒன்றல்ல, பதினான்கு. கண்டுபிடித்தபோது மரூன் துணியில் ஓரத் துண்டுகள்தான் மிச்சம். ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் வடக்கே, காட்டுக்குள் இருந்துகொண்டு மருதமுனைச் சாறனுக்கு எங்கே போவது? எல்லாத் துண்டையும் 6¼க்கே சீவினேன். கட்டிலுக்கு என்று தொடங்கிய குவில்ட் இப்போது சோபாவில் கிடக்கிறது.

அதனால் போவதற்கு இரண்டு கிழமை முன்பே துணியைத் துவைத்து, காயவைத்து, அயன் பிடித்து, வெட்டி முடியுங்கள். வெட்டிய துண்டுகளை அளவு அளவாகச் சின்ன சிப் பைகளில் போட்டு, வெளியே "அ, ஆ, இ" என்று எழுதி ஒட்டுங்கள். என்னத்தோடு என்னத்தை இணைப்பது என்ற படத்தையும் அதே பையில் வைத்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மூளை வேலை செய்யாது. அப்போது அந்தப் பைதான் உங்களுக்குப் புத்தி சொல்லும்.

பிளவுஸ் தைத்த கைக்கு ஒரு விசயம் பழகக் கஷ்டமாக இருக்கும். நாம் தையலுக்கு அரை அங்குலம், முக்கால் அங்குலம் விட்டுத்தானே தைப்போம், பிறகு பிரித்து இளக்கலாம் என்று. குவில்ட்டுக்கு கால் அங்குலம், அதுவும் சரியாகக் கால் அங்குலம். ஒவ்வொரு தையலிலும் ஓரத்தில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடப் பிடித்தால் இரண்டு துண்டிலுமாக எட்டில் ஒரு பங்கு போகும். ஒரு வரிசையில் பத்துத் தையல் இருந்தால் ஒன்றேகால் அங்குலம் காணாமல் போய்விடும். ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கிற பாகத்தில் கால் அங்குல ஃபுட் என்று தனியாக விற்கிறார்கள், மெசினோடு வராவிட்டால் அதை மட்டும் வாங்குங்கள். வீட்டில் பழைய துணியில் நாலு வரிசை தைத்து, அளந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

துணி வாங்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. கனடாக் கடையில் மீற்றரில் வெட்டிக் கொடுப்பார்கள். குவில்ட் செய்முறைகள் முக்கால்வாசி அமெரிக்காவிலிருந்து வருவதால் யார்க்கணக்கில் இருக்கும். ஒரு யார் 36 அங்குலம், ஒரு மீற்றர் 39 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. செய்முறையில் யார்க்கணக்கு இருக்கிற இடத்தில் அதே எண்ணிக்கை மீற்றர் வாங்கினால் துணி மிஞ்சும், காசு போகும். "ஃபேட் குவாட்டர்" என்று சுருட்டி வைத்திருப்பது 18க்கு 22 அங்குலத் துண்டு. முதல் தடவைக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு அப்படி எடுத்தால் மடிக்குப் போடுகிற சின்ன குவில்ட் ஒன்றுக்குத் தாராளம். எல்லாம் தனிப்பருத்தியாக இருக்கட்டும்.

மெசினுக்கு வருவோம். ஊரிலிருந்து மோட்டர் மெசின் கொண்டுவரலாமா, மாமி அனுப்பட்டுமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே ஊரில் 230 வோல்ட், அங்கே கனடாவில் 120. அந்த வேலையிடத்து அம்மாவிடமே கேளுங்கள். குவில்ட் தைக்கிறவர்களிடம் மெசின் இரண்டு மூன்று இருக்கும், ஒன்றை இரவல் தருவார். நேர்த்தையல் போடத் தெரிந்த மெசின் போதும், பூத்தையல் எல்லாம் தேவையில்லை.

என் முதல் ரிட்ரீட்டுக்குப் போனபோது மெசின், வயர், நூல், கத்தரி, தலையணைகூட எடுத்தேன். இரண்டு மணித்தியாலம் கார் ஓடிப் போய் மேசையில் வைத்துப் பார்த்தால் கால் பெடலைக் காணவில்லை. வீட்டில் மேசைக்குக் கீழே, வழமையாக இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. காலால் மிதிக்கிற சாமானைக் கண் பார்ப்பதில்லை. மற்றவர்களின் பெடல் என் மெசினுக்குப் பொருந்தவில்லை. ஒரு வயதான அம்மா "இது எல்லாருக்கும் ஒருதடவை நடக்கும்" என்று சொல்லித் தன் இரண்டாவது மெசினைத் தந்தா. அன்றிலிருந்து பெடலைத்தான் முதலில் காருக்குள் வைப்பேன், மெசின் கடைசியில்.

மெசினைப் போவதற்கு முன் துப்புரவாக்குங்கள். இதை எழுதும்போது விறாந்தையில் அம்மாவின் சிங்கர் கை மெசின் இருக்கிறது. சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல், அதனால்தான் நம்மட அம்மம்மாமார் வீட்டில்கூட அந்தக் கறுப்பு மெசின் இருக்கும். அம்மாவுடையது சுனாமித் தண்ணியில் கிடந்து எழும்பினது. சில்லுக்குள் மண், ஊசித் தண்டு இறுகிப்போய்க் கிடந்தது. அம்மா மண்ணெண்ணெயில் தோய்த்துத் தோய்த்து, கோழி இறகால் ஒவ்வொரு துவாரமாகத் துடைத்து, பிறகு மெசின் எண்ணெய் விட்டு ஒரு கிழமை சும்மா சுற்றினா. இன்றைக்கும் ஓடுகிறது. உங்கள் மெசினுக்கு மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டாம். பொபின் பெட்டியைக் கழற்றி உள்ளே சேர்ந்திருக்கும் பஞ்சைச் சின்ன பிரஷால் எடுங்கள். எண்ணெய் விடச் சொல்லிக் கையேட்டில் இருந்தால் மட்டும் விடுங்கள். புது ஊசி போடுங்கள், 80/12 என்று எழுதியிருக்கும். இரண்டு ஊசி மேலதிகமாக எடுங்கள். நூலுக்கு 50 வெயிற் பருத்தி நூல், சாம்பல் நிறம் எல்லாத் துணிக்கும் ஒத்துப்போகும். பொபின் ஐந்தாறில் வீட்டிலேயே நூல் சுற்றிக்கொண்டு போங்கள்.

நவம்பர் என்றதால் ஒன்று. மெசினை இரவு காருக்குள் விட்டுவிடாதீர்கள். குளிரில் எண்ணெய் தடித்துப்போகும். சில்லிட்ட மெசினைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுபோனதும் உலோகத்தில் ஈரம் பூக்கும். போய் இறங்கியதும் முதலில் மெசினை உள்ளே கொண்டுபோங்கள். ஒரு மணித்தியாலம் சும்மா இருக்க விட்டு, அதற்குள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அயன் பெட்டி கொண்டுபோகலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அங்கத்தைய சாதாரண பிளக்குக்கு 15 அம்பியர்தான், 120 வோல்ட்டில் மொத்தம் 1800 வாட். ஒரு அயன் பெட்டியே 1500 வாட் இழுக்கும். இரண்டு பேர் ஒரே வரிசையில் குத்தினால் மண்டபத்தின் பாதிக்குக் கரண்ட் போய்விடும். மூலையில் பொதுவாக இரண்டு மூன்று அயன் மேசை போட்டிருப்பார்கள். எழும்பி நடந்து போய் அயன் பிடிப்பது இடுப்புக்கும் நல்லது. நீளமான பல பிளக் வயர் ஒன்றும் ஒரு மேசை லைட்டும் எடுங்கள். மண்டப வெளிச்சம் கருநீலத் துணிக்குப் போதாது. மடக்குக் கதிரை தாழ்வாக இருக்கும், இருக்கையில் போட ஒரு குஷன் கட்டாயம்.

கட்டர், வெட்டும்போது துணிக்குக் கீழே போடுகிற மேட், ரூலர் உடனே வாங்க வேண்டாம். கூட வருகிற அம்மாவிடம் இருக்கும். அவர் வீட்டிலேயே ஒருநாள் போய் வெட்டுங்கள், கட்டர் பிடிக்கவும் பழகலாம். வாங்கினால் 45 மில்லிமீற்றர் கட்டர் வாங்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பிளேடை மூடுங்கள். ஒரு நொடிதானே என்று மூடாமல் வைத்ததற்கு என் இடது சுட்டுவிரலில் அடையாளம் இருக்கிறது.

சாப்பாடு பெரும்பாலும் கட்டணத்துக்குள் அடங்கும். நீங்கள் வெள்ளிக்கிழமை மச்சம் தின்னாத ஆள் என்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள், தொடங்குவதே வெள்ளி இரவுச் சாப்பாட்டோடுதான். எல்லாரும் ஏதாவது கொறிக்கக் கொண்டுவந்து தேநீர் மேசையில் வைப்பார்கள். கச்சான் (நிலக்கடலை) மட்டும் கொண்டுபோகாதீர்கள், கச்சான் கலந்த பண்டமும் வேண்டாம். அந்த நாட்டில் அது மூச்சையே அடைக்கிற ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. முறுக்கு நன்றாகப் போகும். ஆனால் முறுக்கு தின்ற கையோடு மெசினில் இருக்காதீர்கள், எண்ணெய் துணியில் ஏறினால் போகாது. அதே காரணத்துக்காகத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டும் குனிந்து தைக்க வேண்டாம். வாசனைத் திரவியம் பூசக்கூடாது என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன.

படுக்கை அறைக்கு இரண்டு பேர், நாலு பேர். பெட்சீற் தருவார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்று கேளுங்கள். அடுக்குக் கட்டில் என்றால் கீழ்த்தட்டைக் கேட்டு வாங்குங்கள். நைட்டியோடு மண்டபத்துக்குள் நடமாடுவதை யாரும் கவனிக்க மாட்டார்கள், குளிருக்கு மேலே ஒரு சுவெட்டர் போதும். செருப்பு, காதுக்கு அடைப்பான். என் அறையில் ஒருமுறை படுத்த பெண்ணின் குறட்டைக்குக் கல்லடிப் பாலத்தில் லொறி போவது தேவலை.

இங்கிலீஷ் ஓடாதே என்று யோசித்திருப்பீர்கள், கேட்கவில்லை என்றாலும் தெரியும். ஞாயிறு காலை ஒவ்வொருவரும் தைத்ததை விரித்துப் பிடித்துக் காட்டுவார்கள். அது ஒன்றுதான் பேச வேண்டிய இடம். "இது என் முதலாவது" என்று சொன்னாலே கைதட்டுவார்கள். மற்ற நேரம் துணியைத் தொட்டுப் பார்த்து அவர்களே கதையைத் தொடங்கிவிடுவார்கள்.

அதிலும் கைத்தறியைக் கண்டால் விடமாட்டார்கள். மருதமுனைத் துணியை குவில்ட்டுக்குப் பாவிக்கலாம், கொஞ்சம் கவனம் வேண்டும். நெசவு இளக்கம் என்பதால் வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியும், வெட்டுமுன் கஞ்சி போட்டு அயன் பிடித்தால் நிற்கும். சுருங்கும், சாயமும் இறங்கும். அதனால் மரூனையும் சிவப்பையும் தனியாகக் குளிர்ந்த தண்ணியில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள், தண்ணி தெளிவாகும்வரை. கட்டம்போட்ட சாறனில் கோடு பார்த்து நேராக வெட்டலாம், புதுக் கைக்கு அது பெரிய உதவி.

நான் சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், புரட்டாதி முதல் கிழமை கனடாவுக்குத் திரும்பிவிடுவேன். உங்களுக்கும் ஒரு சாறன் எடுக்கிறேன். நீலமா பச்சையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் தங்கச்சி. மரூன் கேட்காதீர்கள், அது எனக்கு.