காலி அறையில் மாடல் ரயில்: நடுவில் மேஜை வேண்டாம், சுவரோரம் ஒரு ஸ்டேஷன் போதும்

கேள்வி: மகள் கல்யாணமாகிப் போனபிறகு வீட்டில் 10-க்கு 12 அடி அறை ஒன்று சும்மா கிடக்கிறது. ஹாம்பர்க் மாடல் ரயில் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து ஒரே ஆசை. நடுவில் பெரிய மேஜை போட்டு நம் ஊர் எக்ஸ்பிரஸ் வண்டிகளை ஓட்ட முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

தாராளமாக ஆரம்பிக்கலாம். இருக்கிற அறை போதும். மேஜை, எக்ஸ்பிரஸ் என்ற இரண்டையும் மட்டும் விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கும் மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்ற மாடல் ரயில் காட்சியகம். 2001இல் திறந்தது. அங்கே இருக்கும் தண்டவாளம் மொத்தம் 16 கிலோமீட்டர் வரும். சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் இடம் அது. அதே 1:87 அளவில், அதாவது ஹெச்ஓ ஸ்கேலில், நம் வண்டியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை ஐசிஎஃப் ஆலையில் செய்த பெட்டி ஒன்று முனையிலிருந்து முனை வரை 22 மீட்டருக்கு மேல். 18 பெட்டி கோத்தால் 400 மீட்டர். 87ஆல் வகுத்தால் 4.6 மீட்டர். உங்கள் அறையின் நீளச் சுவரே 3.66 மீட்டர்தான். எஞ்சின் ஒரு மூலையைத் தாண்டிப் போயிருக்கும், கார்டு பெட்டி இன்னும் முந்தைய மூலையில் நிற்கும். ஐந்தாறு பெட்டியோடு எக்ஸ்பிரஸ் ஓட்டினால் பார்க்க மனசு ஒப்பாது.

அடுத்தது வளைவு. பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது வளைவின் ஆரம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஐசிஎஃப் பெட்டி 1:87இல் 25 செ.மீ. வரும், ஆக 75 செ.மீ. ஆரம் வேண்டும். எட்டடிக்கு நாலடி மேஜையில் 55 செ.மீ.க்கு மேல் கிடைக்காது. வண்டியும் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்கும் ஆசை சீக்கிரம் தீர்ந்துவிடும். தவிர, 75 செ.மீ.க்கு அப்பால் தடம் புரண்ட பெட்டியைக் கையெட்டி எடுக்க முடியாது. அதற்காக அறை நடுவில் இன்னும் பெரிய மேஜை போட்டால் சுற்றி நிற்க ஒடுங்கிய இடம்தான் மிஞ்சும்.

சரி, வேறு என்ன செய்வது? மூன்று சுவர்களை ஒட்டி ‘ப’ வடிவில் 40 செ.மீ. அகலத்துக்குப் பலகை. நாலாவது சுவரில் கதவு. நடுவில் நீங்கள், ஒரு நாற்காலி. பலகை தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். உட்கார்ந்து பார்த்தால் ரயில் கண்ணுக்கு நேராக வரும், பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பது போலவே தெரியும். கீழே பீரோவோ கட்டிலோ போட்டுக்கொள்ளலாம். வீட்டில் இருப்பவர்கள் சம்மதிக்க அது பெரிய உதவி.

அந்தப் பலகையில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு சின்ன ஸ்டேஷனை வையுங்கள். இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். அறையை அளப்பதற்கு முன்னால் எந்த ஸ்டேஷன், எந்தக் காலம் என்று முடிவு செய்யுங்கள். எத்தனை பெட்டி, எத்தனை பாயிண்ட் (ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்), என்ன மரம், என்ன பெயின்ட் என்பதெல்லாம் தானாக அதற்குள் வந்துவிடும்.

நான் எடுத்துக்கொண்டது அந்நாளில் மீட்டர் கேஜாக, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளியோடு இருந்த செங்கோட்டை–புனலூர் பாதையில் வரும் பகவதிபுரம். 1904இல் போட்ட பாதை. 2010இல் அகலப்பாதைக்காக மூடி 2018இல் திறந்தார்கள். நான் செய்திருப்பது அந்த மீட்டர் கேஜ் காலம், ஒய்டிஎம்4 டீசல் எஞ்சின் ஓடிய வருடங்கள். செங்கோட்டையிலிருந்து வரும் வண்டி பகவதிபுரத்தில் நிற்கும், அப்புறம் மலைக்குள் குகையில் நுழைந்து ஆரியங்காவு பக்கம் போய்விடும். மாடல் கட்டுகிறவனுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. வண்டி குகைக்குள் போனதும் மலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் தண்டவாளத்தில் நின்றுகொள்ளும். இந்தப் பக்கம் செங்கோட்டை என்று இன்னொரு மறைவிடம், முன்னால் மர வரிசை. ஒரு வண்டி மறைய, இன்னொரு வண்டி வர, நடுவில் ஸ்டேஷன். வட்டமே தேவையில்லை.

மீட்டர் கேஜில் இன்னொரு லாபம். அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ. இடைவெளி கொண்டது. நம் அகலப்பாதை வண்டி அதன்மேல் நின்றால் கால் ஒடுங்கித்தான் தெரியும், பழகிய கண்ணுக்கு உடனே உறுத்தும். மீட்டர் கேஜை 87ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. சுவிட்சர்லாந்தின் ரேட்டிய ரயில்வே மீட்டர் கேஜ் என்பதால், அதை மாடல் செய்பவர்களுக்காக 12 மி.மீ. தண்டவாளம், பாயிண்ட், சக்கரம், எஞ்சின் அடிப்பாகம் எல்லாம் ஐரோப்பாவில் தயாராகிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. மேல்கூட்டை நாம் செய்துகொள்ள வேண்டும். ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டலாம், 3டி பிரின்ட்டும் எடுக்கலாம். பெட்டி ஒன்று ஏறத்தாழ ஒரு ஜாண் நீளம் வரும். எஞ்சினோடு ஐந்து பெட்டி 1.3 மீட்டர். உங்கள் நீளச் சுவரில், வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட ஒதுங்கும் லூப் லைனோடு இது அழகாக அடங்கும்.

மலை என்றதும் தண்டவாளத்தை ஏற்ற ஆசை வரும். இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றம் வைத்தால் சின்ன எஞ்சின் திணறும். அந்தக் கணக்கில் இரண்டு மீட்டர் சுவருக்கு நாலு செ.மீ. உயரம்தான் கிடைக்கும், அது கண்ணில் படாது. தண்டவாளத்தைச் சமமாக விட்டு, பலகைக்கு முன்னால் தரையைக் கீழே இறக்கிப் பள்ளமாகச் செய்யுங்கள். மேலே போகும் ரயில் மலைமேல் போவது போலவே இருக்கும். ‘அந்தப் பதின்மூன்று கண் பாலத்தையும் சேர்க்கலாமே’ என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். அது கழுதுருட்டியில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒரு சுவரில் ஒரு ஊர்தான் நிற்கும்.

எஞ்சினுக்கு வேலை கொடுக்க ஒரு கூட்ஸ் சைடிங்கை, அதாவது சரக்கு வேகன்கள் நிற்கும் பக்கத் தண்டவாளத்தை, கற்பனையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் உருவாக்கிய ‘இங்கில்நுக்’ என்ற ஷண்டிங் (வேகன்களைப் பிரித்துக் கோக்கும்) புதிர் இதற்குப் பொருத்தம். மூன்று லைன்கள், ஒன்றில் ஐந்து வேகனுக்கு இடம், மற்ற இரண்டில் மும்மூன்றுக்கு இடம். ஆனால் இருப்பது மொத்தம் எட்டு வேகன்தான். அதில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே வரிசையில் வண்டியைக் கோக்க வேண்டும். 6,720 விதமான வரிசை வரும். முழு அறை கிடைக்காதவர்கள் இதை மட்டும் ஒரு அலமாரித் தட்டில் கட்டி வருடக்கணக்காக ஓட்டலாம்.

ஒயரிங்கில் டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறைக்கே போங்கள். பழைய முறையில் தண்டவாளத்தில் மின்சாரம் கொடுத்தால் அதன்மேல் இருக்கும் எல்லா எஞ்சினும் சேர்ந்து ஓடும். டிசிசியில் எஞ்சினுக்குள் கட்டளையைப் புரிந்துகொள்ளும் டீகோடர் என்ற சின்னச் சில்லு, அதற்கு ஒரு நம்பர்; அந்த நம்பருக்கு வரும் கட்டளையை மட்டும் அந்த எஞ்சின் கேட்கும். புனலூர் பாதையில் மலை ஏறும் வண்டியைப் பின்னால் ஒரு எஞ்சின் தள்ளிக்கொண்டு போகும். அந்த இரண்டு எஞ்சினையும் தனித்தனியாக ஓட்டி, சேர்த்து, பிரிக்க இந்த முறைதான் சரிப்படும். தண்டவாள இணைப்புத் தகடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கீழிருந்து ஒயர் எடுத்து சால்டர் செய்யுங்கள். முடித்ததும் ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்திலும் படும்படி வையுங்கள். கன்ட்ரோல் பெட்டி உடனே மின்சாரத்தை நிறுத்தினால் அந்த இடம் சரி. நிறுத்தாவிட்டால் அங்கே ஒயர் போதவில்லை என்று அர்த்தம். பலகை முழுக்க இப்படி நாணயத்தை நகர்த்திப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக ஓடிய பிறகே ஜல்லி. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. நிஜ ஜல்லி ஐந்து செ.மீ. என்றால் 1:87இல் அரை மில்லிமீட்டர் சொச்சம். விலை கொடுத்து வாங்க வேண்டாம், கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு படி கிரஷர் டஸ்ட் கேளுங்கள். நம் ஊர் ஜல்லிக் கல்லேதான், அதே சாம்பல் நிறம். கழுவிக் காயவைத்து டீ வடிகட்டியில் சலித்துப் பெரியதை ஒதுக்குங்கள். அப்புறம் மாவு சலிக்கும் சல்லடையில் போட்டுத் தூளை ஒதுக்குங்கள். மேலே தங்குவதுதான் நமக்கு வேண்டியது. பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் பலமுறை ஓட்டுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். விட்டால் அது மோட்டாருக்குள் போகும்.

ஸ்லீப்பர்களுக்கு நடுவே பெயின்ட் பிரஷால் தள்ளிப் பரப்பி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்ட தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை முத்தாகத் திரண்டு ஜல்லியை உருட்டிக்கொண்டு போகும். சோப்பு இருந்தால் அப்படியே உள்ளே இறங்கும். பாயிண்ட் அசையும் இடத்தில் பசையே போகக் கூடாது, முன்கூட்டியே ஒரு சொட்டு எண்ணெய் வையுங்கள். ஒருநாள் காயட்டும்.

நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு இரண்டு வார்த்தை. பலகை மரைன் பிளைவுட்டாக இருக்கட்டும். தரையில் மரக்கால் ஊன்றாமல் சுவரில் இரும்பு பிராக்கெட் அடித்து நிறுத்தினால் கரையான் பயம் குறையும். தண்டவாளம் நிக்கல் சில்வராகப் பார்த்து வாங்குங்கள். பித்தளை கறுத்தால் மின்சாரம் போகாது. மழைக்காலத்தில் மரம் ஊதும், அதனால் துண்டுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விடுங்கள். மின்விசிறித் தூசியும் பல்லியும் நிரந்தரம், ஓட்டாத நேரத்தில் பழைய வேட்டி போட்டு மூடுங்கள்.

வாங்கும் வரிசை: முதலில் ஒரு நல்ல எஞ்சின், சின்ன டிசிசி செட், இரண்டு பாயிண்ட், ஐந்தாறு துண்டு தண்டவாளம், நாலு வேகன். இவ்வளவை ஒரே பலகையில் ஓட்டிப் பார்த்த பிறகு மீதி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இறக்குமதி வரியும் சேரும், அதைக் கணக்கில் வையுங்கள். புனே பக்கம் போக வாய்த்தால் கோத்ரூடில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்தில் ஒரு காட்சி பாருங்கள், 1998இலிருந்து நடக்கிறது. ஹெச்ஓ அளவு நேரில் எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொண்டு பணம் போடலாம். நீங்கள் எந்த ஸ்டேஷனை நினைத்திருக்கிறீர்கள் என்று கமென்டில் எழுதுங்கள், பலகைக்கு ஒரு வரைபடம் போட்டுத் தருகிறேன்.