விண்மீன் திரளின் தொலைவு: அட்டையில் இரண்டு எண்கள் தேவை

வணக்கம் ஐயா. 1,380 கோடி ஆண்டு வயதுடைய பேரண்டத்தில் ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்னும் விண்மீன் திரள் மட்டும் 3,300 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பது எப்படி என்று மேலூர்ப் பள்ளிக் கண்காட்சியில் ஒரு மாணவி கேட்டதாகவும், அங்கே அத்திரளின் விளக்க அட்டையோடு வைத்த சில படங்களில் அது அறவே தெரியாதது படப்பிழையா என்றும் எழுதியிருந்தீர்கள்.

அதன் ஒளி பயணம் செய்தது ஏறத்தாழ 1,350 கோடி ஆண்டுகளே. மதுரையிலிருந்து மேலூருக்கு நடப்பவர் கடந்துவந்த சாலை அவர் முதுகுக்குப் பின்னும் நீண்டுகொண்டே போனால், ஊர் சேரும்போது மதுரை அவர் நடந்த தொலைவைவிட எட்டத்தில் இருக்கும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்: ஒளி வந்துகொண்டிருந்தபோதே பேரண்டமும் விரிந்துகொண்டிருந்ததால், அத்திரள் இப்போது 3,300 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. அட்டையில் இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதிவிடுங்கள்.

படத்தில் தெரியாமற்போவது பிழையன்று. உண்மையில் அத்திரள் வெகுதொலைவில் உள்ளது என்பதற்கு அதுவே முதல் தடயம். இடையிலுள்ள ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளியை விழுங்கிவிடுகிறது. பேரண்ட விரிவால் அந்த எல்லை 15 மடங்குக்குச் சற்று மேல் நீண்டு 1.85 மைக்ரோமீட்டர் அருகே வந்துவிடுவதால், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் குறுகிய அலைநீள வடிகட்டிகளில் அத்திரள் மறைந்து, நீண்ட அலைநீள வடிகட்டிகளில் மட்டும் தோன்றுகிறது.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. 2022இல் செம்பெயர்ச்சி (ஒளியின் அலைநீளம் நீண்ட மடங்கில் ஒன்றைக் கழித்த எண்; அது கூடினால் தொலைவும் கூடும்) ஏறத்தாழ 16 என மதிப்பிடப்பட்ட வேறொரு திரள், ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து நிறமாலை எடுத்துப் பார்த்தபோது 4.9 என்றே தேறியது. தூசும், வாயுக்கள் குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் வீசும் வலிய ஒளிக்கோடுகளும் சேர்ந்து ஏமாற்றியிருந்தன. உங்கள் அட்டையிலுள்ள திரளுக்கோ, சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி வரிசை ஆக்சிஜனின் ஒளிக்கோட்டைக் கண்டு செம்பெயர்ச்சி 14.18 என உறுதிசெய்துள்ளது. எனக்கு வியப்பளிப்பது இந்த ஆக்சிஜன்தான். அது விண்மீன்களுக்குள் உருவாகி அவை மடியும்போது வெளிவருவது; ஆகவே பேரண்டம் பிறந்து சுமார் 30 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே ஒரு தலைமுறை விண்மீன்கள் அங்கே வாழ்ந்து மடிந்துவிட்டன.